கரண்ட் வருவதற்குள்

கரண்ட் போனபோது முதலில் வெளிச்சம் போனது, அடுத்து காற்றாடி, கடைசியாகத்தான் கையில் இரும்பைத் தேய்த்துக்கொண்டிருந்த கிரைண்டர் நின்றது. கரண்ட் போன சேதி அதற்கு மட்டும் எப்போதும் தாமதமாகத்தான் போய்ச் சேரும். டிஸ்க் பழைய வேகத்திலேயே கொஞ்ச நேரம் சுற்றி, முனகி, வேண்டா வெறுப்பாக அடங்கியது. மயில்சாமி அது முழுசாக நிற்கும்வரை கையில் பிடித்திருந்தான். பிறகு தலையையும் தோளையும் தடுப்புத் தகட்டின் துளை வழியாக நீட்டி, மெஷினை அந்தப் பக்கத்து அறையில் இறக்கி வைத்துவிட்டு, பின்வாங்கி இந்தப் பக்கம் மல்லாந்து படுத்தான். லாரியில் ஏற்றுவதற்காகச் செய்துகொண்டிருந்த எண்ணெய்த் தொட்டி அது. ஓட்டத்தில் எண்ணெய் அலம்பாமல் இருக்க உள்ளே குறுக்கே தகடுகள் வைத்து அடைத்து, ஒவ்வொரு தகட்டிலும் ஒரு ஆள் தவழ்ந்து போகிற அளவுக்குத் துளை விட்டிருப்பார்கள். ஏறி இறங்க முதல் அறையின் உச்சியில் ஒரே ஒரு வட்ட வாய். மயில்சாமி கிடந்தது இரண்டாவது அறை. சங்ககிரி வெயில் ஷெட்டின் தகரக் கூரையில் இறங்கி, அங்கிருந்து தொட்டியின் இரும்பில் ஏறி, அங்கிருந்து அவன் முதுகுக்கு வந்துகொண்டிருந்தது. இருந்தாலும் படுத்ததே சுகமாக இருந்தது. காது இரண்டும் இன்னும் ஙொய் என்றன. மூக்கில் எரிந்த இரும்பின் வாசம், நாக்கில் அதன் துவர்ப்பு. அடுத்த அறையில் உட்கார்ந்து விளக்கையும் ஒயரையும் பிடித்துக்கொண்டிருந்தவர் அவன் மனைவியின் அண்ணன், மச்சான் வையாபுரி. அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து, அந்த வாய் வழியாக மேலேறிப் போனார். ஏறும்போது அவர் கால் எதிலோ இடறி, இரும்போடு இரும்பு உராயும் சத்தம் கேட்டது. மெஷினாகத்தான் இருக்கும். போகட்டும், வெளியே காற்றாவது வரும், கரண்ட் வர எப்படியும் நேரமாகும் என்று நினைத்தபடி மயில்சாமி இடது மணிக்கட்டைச் சொறிந்தான். மணிக்கட்டு வெறுமையாக இருந்தது.

வெறுமையாக இருக்கக் கூடாது. அங்கே வளையம் இருக்க வேண்டும். சைக்கிள் டியூபைக் குறுக்காக வெட்டி எடுத்த ரப்பர் வளையம். ஷெட்டில் கிரைண்டர் பிடிக்கிற எல்லோர் கையிலும் ஒன்று கிடக்கும், கோயில் கயிறு கட்டியவர்கள் மாதிரி. கூட வேலை பார்த்த நல்லதம்பிக்கு அப்படி ஆன பிறகு முதலாளி பழைய மெஷின்களையெல்லாம் கழித்துக்கட்டிவிட்டுப் புதிது வாங்கினார். புது மெஷினுக்கு சுவிட்ச் அடிவயிற்றில், நீளமாக ஒரு பட்டை. அதை அழுத்திப் பிடித்தால்தான் ஓடும், கையை எடுத்தால் நின்றுவிடும். கம்பெனியிலிருந்து வந்தவன் ஷெட்டின் நடுவில் நின்று ஓட்டிக் காட்டினான், கையை விட்டான், நின்றது, மறுபடி ஓட்டினான், மறுபடி விட்டான். கண்ணாடி போடுங்கள், டிஸ்க்கை மறைக்கிற மூடியைக் கழற்றாதீர்கள், டிஸ்க்குக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள், கீழே விழுந்த டிஸ்க்கைத் திரும்ப மாட்டாதீர்கள் என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். வடை வந்தது, தின்றார்கள். நாள் முழுக்க அந்தப் பட்டையை அழுத்திப் பிடித்தால் விரல் என்னத்துக்கு ஆகும் என்று யாரும் அவனிடம் கேட்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் சோற்றைப் பிசைய மயில்சாமிக்கு விரல் மடங்கவில்லை. மறுநாள் டியூபை வெட்டினான். வளையத்தைப் பட்டைமேல் ஏற்றிவிட்டால் அது அழுந்தியபடியே நிற்கும், மெஷின் பாட்டுக்கு ஓடும். நிறுத்த வேண்டுமா, வளையத்தை உருவி மணிக்கட்டில் போட்டுக்கொள், தீர்ந்தது. என்ன மூளை என்று ஷெட்டே அவனை மெச்சியது. முதலாளி கண்ணில் பட்டும் படாமல் போனார். உருவினால் மணிக்கட்டு. செருப்பைக் கழற்றுகிற மாதிரி, நினைக்காமலே நடக்கிற காரியம். நினைக்காமலே நடக்கிற ஒன்றை, நடந்ததா என்று எப்படி நினைத்துப் பார்ப்பது? சட்டைப் பையைத் தடவினான். பீடிக் கட்டு, சீப்பு. கால்சட்டைப் பையில் கைக்குட்டை. சில சமயம் விரலில் மாட்டிக்கொள்வான். விரலில் இல்லை. படுத்த இடத்தைச் சுற்றி உள்ளங்கையால் துழாவினான், கை முழுக்க இரும்புத் தூள் ஒட்டியது. கரண்ட் போனது, டிஸ்க் முனகியது, கையில் பிடித்திருந்தேன், அப்புறம் துளை வழியாக இறக்கினேன். அந்த ‘அப்புறம்’ என்பதற்கு முன்னால் உருவினேனா? காலையில் உருவியது ஞாபகம் இருந்தது, டீக்கு உருவியது ஞாபகம் இருந்தது, நேற்று உருவியதுகூடத் தெளிவாக ஞாபகம் இருந்தது. இப்போது உருவியதுதான் இல்லை. மச்சான் உருவியிருப்பாரோ? அவர் கையில் எதற்கு என் வளையம்? உருவியிருந்தால் சொல்லியிருப்பார். சொல்லியிருக்க மாட்டார். அவர்தான் பேச மாட்டாரே.

எழுந்து குந்தி உட்கார்ந்து துளை வழியாகப் பார்த்தான். உச்சி வாயில் பாதியை, உள்ளே காற்று ஊதுகிற காற்றாடியின் துணிக்குழாய் அடைத்திருந்தது, மீதிப் பாதியில் வந்த ஷெட்டு வெளிச்சம் அடுத்த அறையின் தரைக்கு வருவதற்குள் களைத்துப்போயிருந்தது. மெஷின் தெரிந்தது. மெஷின் என்று ஒரு கருப்பு மொத்தை தெரிந்தது, அவ்வளவுதான். அவன் வைத்த இடத்தில் இல்லை. மச்சானின் கால் இடறியதில் நகர்ந்து, வாய்க்கு நேர் கீழே போய்க் கிடந்தது. டிஸ்க் எந்தப் பக்கம், கைப்பிடி எந்தப் பக்கம்? ஒன்றும் பிடிபடவில்லை. மெஷினும் கருப்பு, வளையமும் கருப்பு, சுவிட்சோ அடியில். கையை நீட்டினான், எட்டவில்லை. எட்ட வேண்டுமானால் தலையையும் தோளையும் துளைக்குள் விட வேண்டும், விட்டால் முகம் நேராக அதன் மேலே போய் நிற்கும். மூடியும் இல்லை. தகடும் தொட்டியும் சேருகிற மூலையில் மூடியோடு டிஸ்க் நுழையாது என்று காலையில் அவனேதான் கழற்றி வெளியே வைத்தான். கழற்றும்போது இந்த ஒரு மூலைக்கு மட்டும் என்று சொல்லிக்கொண்டான், எப்போதும் சொல்லிக்கொள்கிறதுதான். இப்போது கரண்ட் வந்தால் என்ன ஆகும்? அழுந்திய பட்டையோடு கிடக்கிற மெஷினுக்குத் தன்னை யாரும் பிடித்திருக்கவில்லை என்பது தெரியாது. எடுத்த எடுப்பில் முழு வேகம். தரையில் துள்ளும், தானே உருளும், ஒயரைத் தின்னும், தகட்டில் மோதினால் டிஸ்க் சிதறும். சிதறினால் எப்படி இருக்கும் என்பதை யாரும் அவனுக்குச் சொல்லித்தர வேண்டாம். நல்லதம்பி அவனிடமிருந்து கூப்பிடு தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். பெரிய சத்தம்கூட இல்லை, அப்பளம் ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். கண்ணாடி நெற்றியில் ஏற்றி வைத்தபடி இருந்தது. நல்லதம்பி மெஷினைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு, என்னமோ பட்டுச்சு போல என்று சொல்லிக்கொண்டே திரும்பினான், முகத்தின் ஒரு பாதி இல்லை. அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியது மயில்சாமிதான். ஆள் பிழைத்துக்கொண்டான், அந்தக் கண்ணும் அந்தப் பக்கத்துப் பல்லும் போயின. இப்போது பேசினால் பாதி வார்த்தை காற்றாகத்தான் வரும். அவனை வழியில் பார்த்தால் மயில்சாமி வண்டியை வேறு பக்கம் திருப்பிவிடுவான்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டால் போதும், எல்லாம் முடிந்தது. பிளக் வெளியே போர்டில் இருக்கிறது, போர்டுக்குப் பக்கத்தில் மச்சான் இருப்பார். பிளக்கைப் பிடுங்கச் சொல்ல வழியும் இருந்தது. இருவரையும் இந்தத் தொட்டிக்குத்தான் மேஸ்திரி முதன்முறையாக ஜோடி சேர்த்திருந்தார், வேண்டுமென்றே செய்தாரா வேலை நெருக்கடியா தெரியவில்லை. பேசிக்கொள்ளாத இரண்டு பேர் ஒரு தொட்டிக்குள் எப்படி வேலை செய்வது? முதல் நாளே ஒரு ஏற்பாடு தானாக அமைந்துவிட்டது. வையாபுரி வெளியே நிற்கும்போது மயில்சாமி உள்ளிருந்து தகட்டில் ஒரு தட்டுத் தட்டினால் பிளக்கைப் போடு என்று அர்த்தம், இரண்டு தட்டினால் பிடுங்கு. தட்டினால் மெஷின் ஓடும் அல்லது நிற்கும், அதுவே பதில். வாயைத் திறக்கவே வேண்டாம். மேஸ்திரிகூட இதென்னய்யா தந்தியாபீசா என்று சிரித்தார். மயில்சாமி பக்கத்தில் கிடந்த சுத்தியலை எடுத்து தகட்டில் இரண்டு தட்டுத் தட்டினான். தொட்டி முழுக்க அதிர்ந்து அடங்கியது. பதில் இல்லை. பதில் எப்படி வரும், கரண்டே இல்லாதபோது ஏற்கெனவே நின்றுகிடக்கிற மெஷின் இன்னும் எப்படி நிற்கும்? பிடுங்கினாரா? கேட்டதா? பக்கத்து ஷெட்டில் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டார்கள், அந்த இரைச்சலில் கேட்டிருக்குமா? அல்லது அவர் போர்டுப் பக்கமே இல்லாமல் டீக்கடைக்குப் போய்விட்டாரா? மறுபடி தட்டலாம். தட்டினால் அவர் என்ன நினைப்பார், கரண்ட் இல்லாத நேரத்தில் என்ன தட்டல் வேண்டிக்கிடக்கிறது என்று நினைப்பார். கூப்பிடலாம். மச்சான், பிளக்கப் புடுங்குங்க. அவ்வளவுதான். மச்சான் என்கிற சொல் தொண்டைவரை வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. போன ஆவணியிலிருந்து அது அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. வையாபுரி தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் வைத்துக்கொண்டு, பொண்டாட்டியோடு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, தன் பையன் கவினுக்கு மயில்சாமியின் மகள் சௌமியாவைக் கேட்டார். முறைதான். அவர் கேட்கக் கூடாதென்றால் வேறு யார் கேட்பது? கவினும் ஷெட்டில்தான் வேலை, பின்பக்கத்து ஷெட்டில் கிரைண்டர். கிரைண்டர் பிடிக்கிறவனுக்கு என் புள்ளையைக் கொடுக்க மாட்டேன் என்று மயில்சாமி சொன்னான். சொன்னவனும் கிரைண்டர்தான் பிடிக்கிறான், கேட்டவரும் அதைத்தான் பிடிக்கிறார். மயில்சாமி சொல்ல நினைத்தது அது இல்லை. அவன் வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் மனைவி தெய்வானை முதலில் அவன் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்ப்பாள், கண், கன்னம், தாடை, அப்புறம்தான் சோறு. நல்லதம்பிக்கு ஆன நாளிலிருந்து அப்படி. அந்தத் தடவல் என் மகளுக்கு வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தான். வாயில் வேறு வந்துவிட்டது. வையாபுரி தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். வெற்றிலை ஒன்று கீழே விழுந்ததை அவர் பொண்டாட்டி குனிந்து எடுத்தாள்.

அறை இருண்டது. நிமிர்ந்து துளை வழியாகப் பார்த்தான், உச்சி வாயை ஒரு தலை மறைத்துக்கொண்டிருந்தது. வெளிச்சத்துக்கு எதிரே இருந்ததால் முகம் தெரியவில்லை, காதுமடல் மட்டும் தெரிந்தது, வையாபுரியின் காது, தெய்வானைக்கும் அதே காது. அவர் உள்ளே பார்த்தார். அவன் வெளியே பார்த்தான். இவன் இருட்டில் இருந்தான், அவருக்குத் தெரிந்திருக்காது. கேள், இப்போது கேள், பிளக்கைப் பிடுங்கினீர்களா என்று கேள். கேட்பதற்குள் என்னென்னவோ குறுக்கே வந்தது. கேட்டால் வளையத்தைச் சொல்ல வேண்டும், கரண்ட் போனால் வளையத்தை உருவ வேண்டும் என்று ஷெட்டுக்கே சொல்லிக்கொடுத்தவன் உருவ மறந்துவிட்டான் என்று சொல்ல வேண்டும், அதையும் இவரிடம் போய். தலை போய்விட்டது. வெளிச்சம் திரும்ப வந்தது. போனால் போகட்டும், வளையம் உருவித்தான் இருப்பேன், இங்கேதான் எங்காவது கிடக்கும். மறுபடி தரையைத் துழாவினான். சுத்தியல், கம்பித் தூரிகை, இரும்புத் தூள், மறுபடி சுத்தியல். வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. பக்கத்து ஷெட்டு ஜெனரேட்டர் திடீரென்று நின்றது. நின்றால் என்ன அர்த்தம்? டீசல் தீர்ந்திருக்கும். அல்லது கரண்ட் வரப்போகிறது என்று ஈபியிலிருந்து யாராவது சொல்லியிருப்பார்கள். வரப்போகிறது, எந்த நிமிஷமும் வரும். அவன் இருக்கிற இடத்தில் அவனுக்கு ஆபத்தில்லை, தகடு இருக்கிறது, துளையை விட்டு விலகிச் சுவரோடு ஒட்டிக்கொண்டால் போதும். ஒட்டிக்கொண்டான். இரும்பு சுட்டது. அறை மறுபடி இருண்டது. இந்த முறை தலை இல்லை. இரண்டு கால்கள். பழைய பூட்ஸ், அதற்கு மேலே மடித்து விட்ட காக்கி. வையாபுரி வாயின் விளிம்பில் உட்கார்ந்து உள்ளே காலை விட்டு, இறங்க இடம் தேடிக்கொண்டிருந்தார்.

கால்கள் மெஷினுக்கு நேர் மேலே தொங்கின. இறங்கினால் அதன் மேலேதான் இறங்குவார். கரண்ட் வந்தால் இப்போது வரும், இப்படிப்பட்ட நேரத்தில்தான் வரும். ஒரே ஒரு சத்தம் போட்டால் போதும், சொல்கூட வேண்டாம், ஏய் என்றால் போதும், ஏய் என்று கூப்பிட உறவுமுறைகூட வேண்டாம். மயில்சாமி வாயைத் திறந்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. பூட்ஸின் குதிகால் காற்றில் இடமும் வலமும் துழாவியது. என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்தது, தெரிந்துகொண்டே அதைச் செய்தான், அதாவது ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தான். கோபமில்லை. கோபமாக இருந்திருந்தால்கூடத் தேவலை. அவனுக்குள்ளே எங்கோ ஒரு மூலையில், ஈரமே இல்லாத ஒன்று உட்கார்ந்துகொண்டு, என்ன ஆகிறது பார்ப்போமே என்றது. அப்படி ஒன்று தனக்குள் இருப்பது அன்றுவரை அவனுக்குத் தெரியாது. கவினுக்கு மொட்டையடித்தபோது தாய்மாமன் இடத்தில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டவன் அவன், வையாபுரியின் அப்பா செத்தபோது பாடைக்குத் தோள் கொடுத்தவன் அவன், தனக்குக் கல்யாணம் ஆன புதிதில் ஷெட்டில் வேலை கேட்டு வாங்கிக் கொடுத்ததே இந்தக் கால்களுக்குச் சொந்தக்காரர்தான். எல்லாம் வரிசையாக வந்து நின்றன, ஒன்றுகூட அவன் நாக்கைத் தூக்கிவிடவில்லை. கூப்பிடு, கூப்பிடு. வலது பூட்ஸ் இன்னும் கொஞ்சம் இறங்கியது. அங்கேயே நின்றது. பிறகு என்ன நினைத்துக்கொண்டதோ, மேலே போனது, இடதும் போனது, உரசிக்கொண்டு வெளியேறின. உச்சி வாயில் வெறும் வெளிச்சம். அவர் இறங்கவில்லை, ஒன்றும் ஆகவில்லை என்று மயில்சாமி தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவர் இறங்காததற்குக் காரணம் தான் இல்லை என்பதும் உடனே தெரிந்தது. காறித் துப்ப வேண்டும் போல இருந்தது, துப்ப எச்சில் இல்லை.

அதற்கப்புறம் யோசிக்கவில்லை. யோசித்தவரைக்கும் போதும் என்று ஆகிவிட்டது. துளைக்குள் தலையை விட்டான், ஒரு தோள், இன்னொரு தோள். துளையின் விளிம்பு விலாவில் அறுத்தது. முகம் மெஷினுக்கு மேலே வந்து நின்றது, கம்பெனியிலிருந்து வந்தவன் எதைச் செய்யாதே என்றானோ அதே கோலத்தில். கண்ணாடியை எங்கே கழற்றி வைத்தான் என்றுகூட நினைவில்லை. வலது கையை நீட்டினான். விரல்நுனியில் சொரசொரவென்று பட்டது. டிஸ்க். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, மூச்சு விட்டு, மறுபடி நீட்டினான். கைப்பிடி எதிர்ப்பக்கம் இருந்தது. டிஸ்க்கைத் தாண்டித்தான் போக வேண்டும். மணிக்கட்டு டிஸ்க்குக்கு மேலே, உள்ளங்கை மெஷினின் கழுத்தில், விரல்கள் மெதுவாக அடிவயிற்றுக்கு. இப்போது வந்தால் கை போகும். வராதே என்று யாரிடமோ சொன்னான். தெய்வானை தடவுகிறபோது எந்த இடத்தில் கை நிற்கும் என்று ஏனோ ஞாபகம் வந்தது, இடது புருவத்தில், அங்கே ஒரு தழும்பு, அது கிணற்றடியில் விழுந்தது, அதற்கும் கிரைண்டருக்கும் சம்பந்தமே இல்லை என்று எத்தனை தரம் சொன்னாலும் அவள் அங்கேதான் நிறுத்துவாள். விரல் பட்டையைத் தொட்டது. பட்டை அழுந்தியிருந்தது. அதன் மேலே வழவழப்பாக, இறுக்கமாக, ரப்பர். உருவவில்லை. உருவவே இல்லை. நகத்தை அடியில் கொடுத்து நெம்பினான், வேர்வையில் வழுக்கியது. சட்டென்று கண் கூசியது. விளக்கு. தலைக்கு மேலே காற்றாடி இரைந்தது, துணிக்குழாய் உப்பிக்கொண்டு எழுந்தது. மயில்சாமி கண்ணை இறுக மூடிக்கொண்டான். கையை எடுக்க நேரமில்லை, எடுக்கவும் தோன்றவில்லை.

மெஷின் ஓடவில்லை. கண்ணைத் திறந்தான். விளக்கு வெளிச்சத்தில் எல்லாம் சாதாரணமாகக் கிடந்தன, டிஸ்க் அவன் மணிக்கட்டுக்குக் கீழே ஆடாமல் அசையாமல் இருந்தது. நிமிர்ந்தான். உச்சி வாயில் வையாபுரி குனிந்து நின்றார். அவர் கையில் கருப்பாக ஒன்று, மூன்று கால்களை மேலே நீட்டிக்கொண்டு. கொஞ்ச நேரம் அது என்னவென்றே மயில்சாமிக்குப் புரியவில்லை.

“பிளக்கு எங்கிட்டத்தானுங் இருக்குது, மாப்ள,” என்றார் வையாபுரி.

எப்போது பிடுங்கினீர்கள் என்று மயில்சாமி கேட்டான், கேட்டது தன் குரல் மாதிரியே இல்லை. மேலே ஏறியதும் முதல் வேலையாகப் பிடுங்கிவிட்டதாக அவர் சொன்னார். நல்லதம்பிக்கு ஆனதிலிருந்து கரண்ட் போனால் பிடுங்கிவிடுவாராம், யார் மெஷினாக இருந்தாலும், அது ஒரு பழக்கம். இரண்டு தட்டுத் தட்டினேனே என்றான் மயில்சாமி.

“கேட்டுது. அதான் ஏற்கெனவே புடுங்கியாச்சே, அதச் சொல்ல நம்மகிட்டத் தட்டு இல்லீங்களே. வாயாலதான் சொல்லோணும். ஒருக்கா வந்து எட்டிப் பாத்தன். இன்னொருக்கா எறங்கியே சொல்லீரலாம்னு வந்தன். வாயே வரலீங்.”

அவர் சொல்லிவிட்டு பிளக்கைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தார். மயில்சாமிக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்தது. பயம் தெளிந்த அழுகைதான் என்று அவர் நினைத்திருப்பார். அவர் வாயும் வரவில்லை, இவன் வாயும் வரவில்லை, இரண்டும் ஒன்றுதான் என்று இப்படியே விட்டுவிடலாம். விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் இரண்டும் ஒன்றில்லை. அவர் பேசாமல் நின்றபோது அவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவன் பேசாமல் இருந்தபோது? அதை உள்ளே வைத்துக்கொண்டு நாளை இந்த மனிதரோடு இந்தத் தொட்டிக்குள் எப்படி இறங்குவது?

“மச்சான்,” என்றான். வந்துவிட்டது. “நீங்க காலை உட்டப்ப மெஷின் நேரா அடியில கெடந்துச்சு. வளையத்தோட. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கூப்புடுலீங்.”

வையாபுரி சிரிக்கப் பார்த்தார்.

“பிளக்குத்தான் எங் கையில இருந்துச்சே.”

“அது எனக்குத் தெரியாதுங்களே.”

காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. வையாபுரியின் முகத்தில் தொடங்கிய சிரிப்பு அப்படியே நின்று, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. அவர் அவனைப் பார்த்தார். திட்டுவார் என்று மயில்சாமி எதிர்பார்த்தான், திட்டினால் நல்லது என்றுகூட இருந்தது. தலை பின்வாங்கியது. தொட்டியின் மேல் அவர் நடப்பது கேட்டது, இரண்டு எட்டு அந்தப் பக்கம், நின்றார், ரொம்ப நேரம் நின்றார். போகிறார், ஏணியில் இறங்கப்போகிறார், மேஸ்திரியிடம் போய் வேறு ஆளைப் போடச் சொல்வார், அதோடு சரி, தெய்வானையிடம் இதை எப்படிச் சொல்வது. ஒயர் லேசாக இழுபட்டது. அப்புறம் அறை மங்கியது, வாயில் அந்தப் பழைய பூட்ஸ் இரண்டும் இறங்கின. பிளக்கைக் கையோடு எடுத்துக்கொண்டு வருகிறார், ஒயர் அவர் தோள்வழியே வளைந்து தொங்கியது. குதிகால் இடம் தேடியது, மெஷினுக்கு நேர் மேலே.

“இருங்க மச்சான்,” என்றான் மயில்சாமி. “எறங்காதீங்க. மெஷின் கெடக்குது.”

கால்கள் நின்றன. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை, சொன்ன இடத்தில் அந்தரத்தில் நின்று காத்திருந்தன. மயில்சாமி இரண்டு கையாலும் மெஷினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

“இப்ப எறங்குங்க,” என்றான்.